அஜினோமோட்டோவா என் கணவரின் கணையத்தைக் கெடுத்தது?

மட்டக்களப்பு எழுவான்கரையில் உள்ள ஓர் ஊரிலிருந்து 36 வயதுச் சகோதரி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடியவற்றை எல்லாம் விட்டுவிட்டு, சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

கணவருக்கு 41 வயது, மட்டக்களப்பு நகரில் ஓட்டோ ஓட்டுகிறார். இரண்டு பிள்ளைகள், மாமி என்று வீட்டில் ஐந்து பேர். இரண்டு மாதத்துக்கு முன் கணவர் ஓயாத களைப்பு என்று சொல்ல, இரத்தம் சோதித்திருக்கிறார்கள். வெறும் வயிற்றுச் சீனி 119, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.2, இரத்தத்தில் உள்ள ஒருவகைக் கொழுப்பான டிரைகிளிசரைட் 240. நீரிழிவுக்கு முந்திய நிலை என்று சொல்லி வைத்தியர் மெட்போமின் குளிசை கொடுத்திருக்கிறார்.

அடுத்த கிழமை மாமியின் கைப்பேசிக்கு ஒரு வீடியோ வந்திருக்கிறது. தாய்லாந்தில் எலிகளுக்கு அஜினோமோட்டோ கொடுத்துப் பார்த்தார்களாம், எலியின் கணையம் அழிந்துபோனதாம். மாமி குசினிக்குள் போய், இருந்த பக்கெற்றைத் தூக்கி முற்றத்தில் எறிந்துவிட்டு, அயலட்டை கேட்க, "என்ட புள்ளைக்கு நீதானே கா நஞ்சு ஊட்டின" என்று சொல்லியிருக்கிறார். கலியாணம் முடித்த 14 வருடமாகக் கறிக்கு ஒரு சிட்டிகை போட்டுச் சமைத்தவர் இந்தச் சகோதரி. அன்றிலிருந்து அடுப்படிக்குப் போனாலே கை நடுங்குகிறது என்கிறார்.

அவர் கேட்டிருப்பவை: அந்த ஆய்வு உண்மையா? கணையத்துக்கு ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாமா? மெட்போமின் கணையத்தை இன்னும் களைக்க வைக்கும் என்று பலர் சொன்னதால் கணவர் அதை நிறுத்திவிட்டு, "கணையம் கழுவும்" பொடி ஒன்றை 2,500 ரூபாவுக்கு வாங்கி மூன்று கிழமையாகக் குடிக்கிறார், அது சரியா? கணவர் வழக்கமாகச் சாப்பிடும் கொத்துக்கடைக்காரர் கைநிறைய அஜினோமோட்டோ போடுகிறவர், அவர்மீது வழக்குப் போடலாமா? பிள்ளைகளுக்கும் கெட்டிருக்குமா? கடைசியில் ஒரு வரி: "டொக்டர், அறியாமச் செய்ததுக்கு மன்னிப்பு இருக்கா?"

தங்கச்சி, அந்தக் கடைசி வரிக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். நீங்கள் போட்ட சிட்டிகையால் உங்கள் கணவரின் சீனி 119 ஆகவில்லை. இதை உங்களை ஆற்றுவதற்காகச் சொல்லவில்லை. அந்த ஆய்வில் உள்ளதையும் உங்கள் கடிதத்தில் உள்ளதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபின் சொல்கிறேன். ஏன் என்பதை ஆறுதலாக விளக்குகிறேன், முடிந்தால் மாமிக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

எலிகளுக்கு நடந்தது என்ன?

வீடியோ சொல்லும் ஆய்வு உண்மையானதுதான். தாய்லாந்தின் கொன்கேன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்து 2015ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். நான் முழுதாக வாசித்திருக்கிறேன், கவனமாகச் செய்யப்பட்ட வேலை. வீடியோக்காரர் அதில் பாதியைத்தான் உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்.

கணையம் வயிற்றுக்குப் பின்னால், முள்ளந்தண்டுக்கு முன்னால் குறுக்கே கிடக்கும் ஒரு சாண் அளவு உறுப்பு. பள்ளிக்கூட விஞ்ஞானப் புத்தகத்தில் நாம் சதையி என்று படித்தது இதைத்தான். அதன் பெரும்பகுதி சமிபாட்டுச் சாறு சுரக்கிறது. அதற்கிடையில், மட்டக்களப்பு வாவிக்குள் எருமைத்தீவு கிடப்பதுபோல, சிறு சிறு தீவுகளாக வேறுவகைச் செல்கள் கிடக்கும். லாங்கர்ஹான்ஸ் என்ற ஜெர்மானியர் 1869இல், மருத்துவ மாணவனாக இருந்தபோதே, இவற்றை நுணுக்குக்காட்டியில் பார்த்து எழுதினார். இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் இந்தத் தீவுகளுக்குள்தான் இருக்கின்றன. அவை குறைந்தால், அல்லது களைத்துப்போனால், சீனி ஏறும்.

தாய்லாந்துக்காரர் 80 வளர்ந்த ஆண் எலிகளை எடுத்தார்கள். பாதிக்கு வெறும் தண்ணீர். மறுபாதிக்குத் தண்ணீரில் கரைத்த மொனோசோடியம் குளுட்டமேட், அதாவது நாம் அஜினோமோட்டோ என்று கம்பனிப் பெயரால் சொல்லிப் பழகிய அதே பொருள். ஒரு மாதம், மூன்று, ஆறு, ஒன்பது மாதம் என்று தவணை வைத்துக் கணையத்தை வெட்டிப் பார்த்தார்கள். குளுட்டமேட் குடித்த எலிகளில் 1, 6, 9 மாதங்களில் பீட்டா செல்களின் திணிவு குறைவாக இருந்தது. முதல் மாதங்களில் தீவுகளுக்குள் தழும்பு போன்ற நார்த்தன்மையும் கூடுதலாகக் காணப்பட்டது. இந்த இடம் வரைக்கும் வீடியோ சொன்னது சரி.

வீடியோ சொல்லாமல் விட்ட முதல் விஷயம், அந்த எலிகளுக்குச் சீனி ஏறவில்லை. ஒன்பது மாதம் முடிந்தபோது குளுக்கோசு கொடுத்துச் சோதித்தார்கள், இன்சுலினும் அளந்தார்கள். இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் இல்லை. கணையத்துக்குக் கையிருப்பு அதிகம், கொஞ்சம் குறைந்தாலும் மிச்சம் உள்ளவை வேலையை எடுத்துச் செய்துவிடும். நீரிழிவு வரும் தன்மை உள்ள உடம்பில் இந்தக் குறைவு பிறகு ஒரு பொருட்டாகலாம் என்று ஆய்வாளர்களே ஓர் ஊகத்தைச் சொல்லிவைத்தார்கள். அதை ஊகம் என்றே எழுதினார்கள்.

விட்டுப்போன இரண்டாவது விஷயம் அளவு. இதில்தான் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும்.

எலிகளுக்குக் கொடுத்தது உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 2 கிராம். உங்கள் கணவரின் எடை 78 கிலோ என்று எழுதியிருக்கிறீர்கள். நேரே பெருக்கினால் 156 கிராம், 100 கிராம் பக்கெற்றில் ஒன்றரைக்கு மேல், அதுவும் ஒவ்வொரு நாளும். எலியின் உடம்பு வேகமாக எரிப்பது, ஆகவே மருந்து ஆய்வுகளில் செய்வதுபோல ஆறால் வகுத்துப் பார்த்தாலும் நாளுக்கு 25 கிராமுக்குக் குறையாது. தேக்கரண்டி ஒன்றில் சுமார் 4 கிராம் பிடிக்கும், ஆக ஆறு தேக்கரண்டி. உங்கள் வீட்டில் 100 கிராம் பக்கெற் ஐந்து பேருக்கு ஒரு மாதம் போகிறது என்கிறீர்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு கிராமின் மூன்றில் இரண்டு பங்கு. எலி குடித்ததுக்கும் இதுக்கும் உள்ள தூரத்தை நீங்களே பாருங்கள்.

மூன்றாவது, சாப்பாட்டில் வரும் குளுட்டமேட்டின் பெரும்பகுதி இரத்தத்துக்கு வந்து சேர்வதே இல்லை. குடலின் சுவர்ச் செல்கள் அதைத் தங்களுக்கு விறகாக எரித்துவிடுகின்றன. ஆய்வுகூடத்தில் பீட்டா செல்களைக் குளுட்டமேட் நிறைந்த திரவத்துக்குள் நேரடியாக ஊறப்போட்டால் சேதம் தெரிகிறது. உங்கள் கணவரின் பீட்டா செல்கள் அப்படி ஊறவில்லை, இடையில் குடல் என்றொரு காவல் இருக்கிறது. அதோடு, தக்காளியில் குளுட்டமேட் இருக்கிறது, மாசிக்கருவாட்டில் இருக்கிறது. தாய்ப்பாலில் தனித்து இருக்கும் அமினோ அமிலங்களில் அதிகமாக இருப்பதே இதுதான். உங்கள் இரண்டு பிள்ளைகளும் முதலில் அதை உங்களிடமே குடித்தவர்கள்.

அப்படியென்றால் முழுக்கப் பயமில்லையா என்று கேட்பீர்கள். மனிதரின் கணையத்தை எலியுடையதைப்போல ஒன்பது மாதம் கழித்து வெட்டிப் பார்க்க முடியாது. மனிதர்களிடம் நடந்தவை சாப்பாட்டுக் கணக்கும் இரத்தச் சோதனையும் சேர்ந்த ஆய்வுகள், அவை ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. அதே தாய்லாந்தில், கிராமத்து மக்கள் சுமார் 350 பேரிடம், சராசரியாக நாளுக்கு 4 கிராம் சேர்த்துக்கொள்பவர்களிடம் செய்து 2012இல் வெளியான ஆய்வு, கூடுதலாகச் சேர்ப்பவர்களுக்கு அதிக எடையும், வயிற்றுப் பருமன், கொழுப்பு, சீனி போன்றவை சேர்ந்து வரும் நிலையும் கூடுதலாக இருப்பதைக் கண்டது. சீனாவின் ஜியாங்சு மாகாணத்தில் ஐந்து வருடம் பின்தொடர்ந்து 2010இல் வெளியான ஆய்வு, எடை கூடுவதற்கும் இதற்கும் தொடர்பைக் காணவில்லை. இந்தப் பொருள் அதிகம் விழுகிற சாப்பாடு பெரும்பாலும் எண்ணெயும் மாவும் உப்பும் நிறைந்த சாப்பாடு என்பதால் எது எதைச் செய்தது என்று பிரிப்பது கஷ்டம்.

உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 1987இல் இதற்கு அளவு வரம்பே தேவையில்லை என்றது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2017இல் மீண்டும் ஆராய்ந்து, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 30 மில்லிகிராம் குளுட்டமிக் அமிலம் என்று வரம்பு வைத்தது. 78 கிலோ ஆளுக்கு அது ஏறக்குறைய 3 கிராம் அஜினோமோட்டோ. நான் இரண்டாவது பக்கம் நிற்கிறேன். வரம்பு இருப்பது நல்லது. உங்கள் வீட்டுச் சமையல் அந்த வரம்புக்குள் நன்றாகவே அடங்குகிறது. கொத்துக்கடையில் "கைநிறைய" விழுகிற அன்றைக்கு மட்டும் அது தாண்டக்கூடும்.

கணையத்தின் பழியை ஒரு சாப்பாட்டின் தலையில் கட்டியது இது முதல் தடவை இல்லை. கேரளத்தில் ஏழை இளைஞர்கள் பலருக்குக் கணையத்துக்குள் கல் விழுந்து, வயிற்றுக்குத்தோடு நீரிழிவும் வந்தது. டொக்டர் கீவர்கீஸ் போன்றவர்கள் அந்த நோயாளர்களை விரிவாக எழுதிவைத்தார்கள். அந்த மக்கள் மரவள்ளிக்கிழங்கில் வாழ்ந்தவர்கள் என்பதால், கிழங்கில் உள்ள சயனைட்டு நஞ்சுதான் காரணம் என்று 1970களில் வலுவாக நம்பப்பட்டது. பிறகு பார்த்தால், மரவள்ளி சாப்பிடாதவர்களுக்கும் அதே நோய். 2002இல், கணையத்தைக் காக்கும் ஒரு மரபணுவில் உள்ள மாற்றம் இந்த நோயாளர் பலரிடம் இருப்பது தெரியவந்தது. இடைப்பட்ட காலத்தில் எத்தனை அம்மாக்கள், கிழங்கு அவித்துக் கொடுத்த தங்கள் கையையே நொந்திருப்பார்கள் என்று நான் நினைப்பதுண்டு. உங்கள் கடிதத்தை வாசித்தபோதும் அந்த நினைவுதான் வந்தது.

உங்கள் கடிதத்தின் கடைசிப் பந்தி

தங்கச்சி, மூன்றரைப் பக்கம் அஜினோமோட்டோவைப் பற்றி எழுதிவிட்டு, கடைசிப் பந்தியில் போகிற போக்கில் சிலவற்றைச் சொல்லியிருக்கிறீர்கள். மாமாவுக்கு, அதாவது கணவரின் தகப்பனுக்கு, சீனி வருத்தத்தால் கால் எடுத்தது. கணவர் காலை ஏழு மணிக்கு ஓட்டோவில் ஏறினால் இரவு ஒன்பதுக்குத்தான் இறங்குவார். ஹயருக்கு நிற்கிற இடத்தில் நாளுக்கு ஏழு பிளேன்டி, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சீனி. ஐந்தாறு சிகரட். கிழமையில் நாலு நாள் இரவு கொத்து. களுசான் இடுப்பு 39 அங்குலம்.

நீங்கள் கேட்டதற்கான பதில் அந்தப் பந்தியில்தான் இருக்கிறது.

தகப்பனிடமிருந்து வந்த தன்மையை யாரும் மாற்ற முடியாது. அந்தத் தன்மை உள்ள உடம்பில் இடுப்பைச் சுற்றிக் கொழுப்பு சேரும்போது, ஈரலிலும் கணையத்திலும்கூட அது படிகிறது. தெற்காசிய ஆண்களுக்கு இடுப்பு 90 சென்ரிமீற்றரைத் தாண்டினாலே எச்சரிக்கை, கணவருடையது 99. ஏழு பிளேன்டியின் சீனி மட்டும் 14 தேக்கரண்டி, கிட்டத்தட்ட 60 கிராம். நாளுக்கு 25 கிராமுக்குக் கீழே இருந்தால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. சிகரட் குடிப்பவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு குடிக்காதவர்களைவிட 30 முதல் 40 சதவீதம் கூட. கணைய அழற்சிக்கும் கணையப் புற்றுநோய்க்கும் சிகரட் நிரூபிக்கப்பட்ட காரணம். அஜினோமோட்டோவின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. உங்கள் வீட்டில் பக்கெற் முற்றத்தில் கிடக்கிறது, சிகரட் இன்னும் சேர்ட் பொக்கற்றில் இருக்கிறது. எனக்கு மனவருத்தமான விஷயம் இதுதான்.

கொத்தையும் எடுத்துப்பாருங்கள். கல்லில் தகரம் இரண்டும் தாளம் போடும்போது அதில் கிடப்பது என்ன? எண்ணெய் தடவித் தட்டிய கோதுமை மா ரொட்டி மூன்று நாலு, மேலும் எண்ணெய், மேலே குழம்பு. இரவு ஒன்பதரைக்கு அதைச் சாப்பிட்டுவிட்டுப் படுக்கும் உடம்பில் டிரைகிளிசரைட் 240 வராமல் என்ன செய்யும்? கடைக்காரரின் வெள்ளைத் தூளைப் பார்த்துப் பயந்தீர்கள், அது விழுகிற ரொட்டியை யாரும் பார்க்கவில்லை.

நல்ல செய்தியும் உண்டு. கணையம் மீளக்கூடிய உறுப்பு. பிரித்தானியாவில் நீரிழிவு வந்து ஆறு வருடத்துக்குள் இருந்தவர்களை எடை குறைக்கவைத்த ஆய்வின் முடிவு 2017இல் வெளியானது. ஒரு வருடத்தில் 46 சதவீதமானோருக்கு மருந்தில்லாமலே சீனி நீரிழிவு அளவுக்குக் கீழே வந்தது. அப்படி மீண்டவர்களின் கணையத்தை இரண்டு வருடம் கழித்து எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தபோது, சுருங்கியிருந்த கணையம் பருமனில் கூடியிருந்தது. உங்கள் கணவர் இன்னும் நீரிழிவுக்குள்ளேயே போகவில்லை, வாசற்படியில்தான் நிற்கிறார். நீரிழிவு என்று சொல்லும் எல்லை வெறும் வயிற்றுச் சீனியில் 126, எச்பிஏ1சியில் 6.5. 119 என்பது 126 இல்லை, 6.2 என்பது 6.5 இல்லை. 78 கிலோவில் ஐந்தரைக் கிலோ குறைந்தாலே பெரிய மாற்றம் தெரியும்.

நெல் விளைகிற மண்ணில் இருந்துகொண்டு சோற்றை விடச் சொல்ல எனக்கு வாய் வராது, தேவையும் இல்லை. தட்டின் கால்வாசிக்குச் சோறு, கால்வாசிக்குச் சூடை மீனோ கீரி மீனோ பருப்போ, மிச்சப் பாதிக்கு வல்லாரைச் சம்பல், முருங்கையிலைச் சுண்டல், புடோல், கத்தரி என்று நீங்கள் ஏற்கெனவே சமைப்பவற்றையே போடுங்கள். பிளேன்டியை ஏழில் இருந்து மூன்றாக்கி, சீனியை அரைத் தேக்கரண்டிக்குக் கொண்டுவரட்டும். கொத்தை மாதத்தில் இரண்டு நாளாக்கட்டும். காலையில் ஓட்டோவை எடுக்கமுன் கல்லடிப் பாலத்தடியிலோ கடற்கரையிலோ அரை மணித்தியாலம் வேகமாக நடக்கட்டும், கிழமையில் ஐந்து நாள். சிகரட்டைக் குறைப்பதைப் பற்றி நான் பேசமாட்டேன். அதை நிறுத்தத்தான் வேண்டும்.

ஸ்கேன் எடுக்கலாமா?

வேண்டாம். வயிற்று ஸ்கேனில் பீட்டா செல் தெரியாது. அமைலேசு, லைபேசு என்ற இரத்தச் சோதனைகள் கணையம் திடீரென அழற்சிக்குள்ளாகும்போது ஏறுபவை, சீனியின் காரணத்தைச் சொல்லாது. "கணையம் முழுச் செக்கப்" என்று தனியார் ஆய்வுகூடங்கள் வைத்திருக்கும் பொதிக்குப் பல ஆயிரம் ரூபா கட்டி, சாதாரணம் என்று ஒரு தாளை வாங்கிக்கொண்டு வந்தால் வீண் செலவும் பொய்யான நிம்மதியும்தான் மிச்சம். கணவருக்குத் தேவை மூன்று மாதத்துக்கு ஒரு முறை எச்பிஏ1சி, கொழுப்புச் சோதனை, இரத்த அழுத்தம். இவற்றில் பெரும்பாலானவை அரச வைத்தியசாலையிலேயே இலவசம். 35 வயது தாண்டியவர்களுக்கு ஹெல்தி லைஃப்ஸ்டைல் சென்டர் என்ற பலகையோடு பிரதேச வைத்தியசாலைகளில் இதற்கென்றே ஓர் இடம் இருக்கிறது.

ஆனால் இவற்றில் எது வந்தாலும் காத்திருக்காதீர்கள்: மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பாயும் தாங்க முடியாத குத்தோடு வாந்தி, கண் மஞ்சளாவது, மலம் எண்ணெய்ப் பசையாக மிதப்பது, காரணமில்லாமல் எடை இறங்குவது. முதலாவது வந்தால் அந்த நேரமே 1990க்கு அழைத்து அம்புலன்சில் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

மெட்போமினும் பொடியும்

கடிதத்தில் என்னை உண்மையாகவே பயப்படுத்திய இடம் இது ஒன்றுதான்.

மெட்போமின் கணையத்தைப் பிழிவதில்லை. அது முக்கியமாக ஈரலில் வேலை செய்கிறது. இரவு முழுக்க ஈரல் இரத்தத்துக்குள் விடும் குளுக்கோசைக் குறைத்து, உடம்பு இருக்கிற இன்சுலினைக் கொண்டே சமாளிக்க உதவுகிறது. அதாவது கணையத்தின் சுமையை இறக்குகிற குளிசை. உங்கள் அயலவர்கள் சொன்னது இதற்கு நேர் எதிர். சென்னையில் நம்மைப் போன்ற உடம்புக்காரரிடம் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், நீரிழிவுக்கு முந்திய நிலையில் இருந்தவர்கள் நீரிழிவுக்குள் போவது மெட்போமினால் 26.4 சதவீதமும், நடையும் சாப்பாட்டு ஒழுங்கும் மட்டும் கொண்டு 28.5 சதவீதமும் குறைந்தது. இரண்டாவது எண்ணைக் கவனியுங்கள், நடையும் தட்டும் குளிசைக்குக் கொஞ்சமும் குறைந்தவை அல்ல. கணவர் அவற்றை ஒழுங்காகச் செய்துகாட்டினால், குளிசையை நிறுத்தலாமா என்று அடுத்த கிளினிக்கில் வைத்தியரிடமே கேட்கலாம். கேட்டு நிறுத்துவதில் பிழையில்லை, தானாக நிறுத்தியதுதான் பிழை. குளிசை வயிற்றைக் குழப்பியதால் விட்டிருந்தால் அதையும் சொல்லட்டும். சாப்பாட்டோடு எடுப்பது, மெல்லக் கரையும் வகைக்கு மாறுவது என்று வழி இருக்கிறது.

பொடியைப் பற்றி. கணையம் ஒரு குழாய் இல்லை, அதைக் கழுவ எதுவும் இல்லை. பாகற்காய்க்கோ வெந்தயத்துக்கோ நான் எதிரி அல்ல, கறியாகச் சமைத்துச் சாப்பிடட்டும். பதிவுள்ள சித்த வைத்தியரிடம் பார்ப்பவர்கள் பலர் என் கிளினிக்குக்கும் வருகிறார்கள், அவர்களிடம் நான் கேட்பது என்ன மருந்து என்ற பெயரை மட்டும்தான். பெயரும் சேர்மானமும் எழுதாத பக்கெற் வேறு விஷயம். இப்படிப்பட்ட "இயற்கை" சீனிப் பொடிகளுக்குள் ஆங்கில நீரிழிவுக் குளிசையைத் தூளாக்கி இரகசியமாகக் கலந்திருந்ததைப் பல நாடுகளில் சோதித்துக் கண்டிருக்கிறார்கள். அப்படியென்றால் சீனி திடீரென இறங்கி, ஓட்டோ ஓடிக்கொண்டிருக்கும்போதே மயங்கலாம்.

சில காலத்துக்கு முன் ஒரு மனிதரைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள். நாக்கு காய்ந்து உதடு வெடித்திருந்தது, கேட்ட கேள்விக்கு வேறு பதில். சீனி 500ஐத் தாண்டியிருந்தது. குளிசையை விட்டு நாலு மாதம் ஒரு பொடியை நம்பியிருந்தவர். அவருடைய மனைவி அந்தப் பொடிப் போத்தலைச் சேலைத் தலைப்பில் முடிந்து கொண்டுவந்திருந்தார், வைத்தியருக்குக் காட்ட வேண்டும் என்று. அவர் பிழைத்தார். அந்தப் போத்தலை என் மேசையில் அவிழ்த்து வைத்த அந்தக் கையை நான் மறக்கவில்லை. பொடியை இன்றே நிறுத்துங்கள், எஞ்சியதை எறியாமல் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள்.

கொத்துக்கடைக்காரர்மீது வழக்கு

நான் சட்டத்தரணி இல்லை, தெரிந்ததைச் சொல்கிறேன். அஜினோமோட்டோ இலங்கையில் அனுமதிக்கப்பட்ட உணவுச் சேர்மானம், அதைப் போட்டது குற்றமாகாது. நட்டஈடு கேட்பதென்றால் அவருடைய கொத்தினால்தான் உங்கள் கணவருக்கு இந்த நிலை வந்தது என்று காட்ட வேண்டும், மேலே சொன்ன காரணங்களால் அதை யாராலும் காட்ட முடியாது. கடையின் பெயரைப் போட்டு முகநூலில் எழுதப்போவதாகவும் சொல்கிறீர்கள், தயவுசெய்து வேண்டாம். மானநட்டம் என்று அவர் உங்கள்மீது வழக்குப் போட இடமுண்டு. அதைவிட, அவரும் உங்களைப்போல ஐந்து வயிற்றுக்காக இரவில் அனல் முன் நிற்கிறவர்.

உங்களுக்கு உள்ள உரிமை வேறு. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ், பொதிசெய்த உணவில் சேர்மானப் பட்டியல் இருக்க வேண்டும். இந்தப் பொருளுக்கு இலக்கம் 621, நூடுல்ஸ் பக்கெற்றிலும் சூப் கட்டியிலும் தேடினால் காண்பீர்கள். லேபல் இல்லாத வெள்ளைத் தூளை ஒரு கடை பாவிக்கிறது, எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுகிறது என்று சந்தேகம் இருந்தால், உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பிஎச்ஐ என்று நாம் சொல்லும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முறைப்பாடு கொடுங்கள். மாதிரி எடுத்துச் சோதிக்கும் அதிகாரம் அவருக்கு இருக்கிறது. அந்தப் பொடி விற்றவர்மீது முறைப்பாடு கொடுத்தால் அதில் நியாயம் இன்னும் அதிகம்.

இனிச் சமையலில் போடுவதா, விடுவதா?

விட்டாலும் நட்டமில்லை, அளவாகப் போட்டாலும் குற்றமில்லை. உங்கள் வீட்டில் மாமியின் மனம் ஆறும்வரை விடுவதே நல்லது என்று நினைக்கிறேன். மாசித்தூள், பழப்புளி, தக்காளி, வறுத்த கொத்தமல்லி இவற்றிலேயே அந்தச் சுவை வந்துவிடும். விட்டதற்கு ஈடாக உப்பைக் கூட்டிவிடாதீர்கள், அது முக்கியம். உப்பில் நூற்றுக்கு 39 பங்கு சோடியம், அஜினோமோட்டோவில் 12 பங்குதான். சூப் கட்டியைப் பதிலுக்குப் போடுவதிலும் பொருளில்லை, அதற்குள் உப்பும் இதுவும் சேர்ந்தே இருக்கின்றன. கொத்தோ பிரைட் ரைஸோ சாப்பிட்டபின் தலையிடியும் முகச்சூடும் வரும் ஆட்கள் சிலர் இருக்கிறார்கள். அப்படி உணர்பவர் தவிர்த்துக்கொள்ளலாம், அது சில மணித்தியாலத்தில் போய்விடுவது.

பிள்ளைகளைப் பற்றிய பயத்துக்குப் பெரும்பாலும் வேர் 1969இல் நடந்த ஓர் ஆய்வு. பிறந்த எலிக்குஞ்சுகளுக்கு ஊசியால் ஏற்றினார்கள், மூளையின் ஒரு பகுதி கெட்டு, வளர்ந்தபின் பருத்தன. ஊசிக்கும் கறிக்கும் நடுவில் குடல் இருக்கிறது என்று முன்னமே சொன்னேன். ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு உப்பும் வேண்டாம், இதுவும் வேண்டாம். உங்கள் பிள்ளைகளுக்கு 12 வயதும் 9 வயதும். இருவரும் ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூட வாசலில் வாங்கும் நிறம் போட்ட இனிப்புத் தண்ணீரையும், பின்னேரம் கைப்பேசியோடு இருக்கும் நேரத்தையும் கவனித்தால் போதும். பாட்டனுக்கும் தகப்பனுக்கும் உள்ள தன்மை அவர்களுக்கும் இருக்கக்கூடும் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

மாமியோடு சண்டை பிடிக்க வேண்டாம். கணவனுக்குக் கால் எடுத்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர், அடுத்து மகனுக்கும் அதுதானா என்ற பயம் அவருக்கு. அந்தப் பயத்துக்கு ஒரு பெயரும் முகமும் தேவைப்பட்டது, பக்கெற் கைக்குக் கிட்ட இருந்தது. கணவரிடம் சொல்லுங்கள், தன் தாயிடம் "அம்மா, மனிசியில பிழையில்ல" என்று சொல்லவேண்டியவர் அவர்தான், நீங்களோ நானோ இல்லை.

அடுத்த கிளினிக் நாளுக்குக் கணவர் போகும்போது பழைய அறிக்கைகள், மெட்போமின் அட்டை, அந்தப் பொடி மூன்றையும் எடுத்துக்கொண்டு நீங்களும் போங்கள். மாமிக்கு 63 வயது என்று எழுதியிருக்கிறீர்கள். அவருடைய சீனியும் அழுத்தமும் கடைசியாக எப்போது பார்த்தது என்று கடிதத்தில் எங்கும் இல்லை. அவரையும் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போங்கள்.